கடல்நீர்த் தொட்டியில் மணற்படுக்கையின் ஆழம்

கடற்கரையில் நின்று அலைகளை நோக்குவோர் பலர். அவ்வலைகள் தவழ்ந்து மீளும் மணலைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலர். மணல் வெறும் மண் என்றும், உயிரற்ற பொருள் என்றும் பலரும் எண்ணுகின்றனர். கடல்நீர்த் தொட்டி ஒன்றை வீட்டிலோ கலாசாலையிலோ அமைத்து, அதில் மீன்களை வளர்க்கத் தொடங்குவோரும் அவ்வாறே எண்ணி, கண்ணாடியின் அடித்தளத்தை மறைத்தற்கும் காட்சிக்கு அழகு செய்தற்குமே மணலை இடுகின்றனர். இஃது எத்துணைப் பிழை என்பதை யாம் நூலால் மட்டுமன்றி இழப்பாலும் அறிந்தோம். அவ்வறிவு பிறர்க்கும் பயன்படுக என்னும் கருத்தினால் இச்சிறு வியாசம் எழுதப்படுகின்றது.

கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் வழக்கம் மிகப் பழமையானதன்று. லண்டன் மாநகரத்து விலங்குக் காட்சிச்சாலையில் 1853-ஆம் ஆண்டில் மீன்களுக்கென ஒரு மனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை நூற்புலவர் ‘அக்வேரியம்’ என்னும் பெயரைத் தலைப்பிற் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-ஆம் ஆண்டில் ஒரு மீன்காட்சிச்சாலை ஏற்பட்டது. பின்னர், 1961-இல், ஜாவாத்தீவில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், உயிருள்ள கடற்பாறைத் துண்டுகளையும் சிறிது காற்றோட்டத்தையுமே துணையாகக் கொண்டு கடலுயிர்களை வளர்த்தமையை ஒரு கட்டுரை வாயிலாக உலகிற்கு அறிவித்தார். தொட்டியைத் தூய்மை செய்வன கருவிகள் மட்டுமல்ல, பாறையிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்களுமே என்னும் உண்மை அதன்பின்னர்ப் பலர்க்கும் விளங்கலாயிற்று.

அந்நுண்ணுயிர்கள் செய்யுந் தொழில் யாது? மீன் உண்ட உணவின் கழிவு, பெரும்பாலும் அம்மோனியாவாக, அதன் செவுள்களின் வழியே நீரிற் கலக்கின்றது. உண்ணாது விடப்பட்ட இரையும் அழுகி அம்மோனியாவையே தருகின்றது. இது மீனுக்குக் கொடிய நஞ்சு. பரந்த கடலில் இது கரைந்து மறைந்துவிடும். சிறு தொட்டியிலோ நாளுக்கு நாள் பெருகும். பிராணவாயு நிறைந்த இடத்தில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகையின அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஏறத்தாழ 1890-ஆம் ஆண்டளவில் இவ்வுண்மையை ஆராய்ந்து நிறுவியவர் விநோகிராட்ஸ்கி என்னும் ருஷியப் பேரறிஞர். நைட்ரேட்டு அம்மோனியாவைப்போல் உடனே கொல்வதன்று. எனினும் அது தேங்கித் தேங்கி மிகுமாயின் பாசி படர்தற்கும், பவள உயிர்கள் நலிதற்கும் ஏதுவாகும்.

நைட்ரேட்டை நீக்குதற்கு மூன்றாவதொரு கூட்டத்தார் வேண்டப்படுகின்றனர். அவரும் பாக்டீரியாக்களே. ஆயின் பிராணவாயு அரிதாகிய இடத்திலேதான் அவர் இத்தொழிலைச் செய்வர். சுவாசத்திற்கு வேண்டிய பிராணவாயு கிடையாதவிடத்து, நைட்ரேட்டில் அடங்கிய பிராணவாயுவையே அவர் பறித்துக்கொள்கின்றனர். எஞ்சிய நைட்ரஜன் தீங்கற்ற வாயுவாகிக் குமிழியிட்டு மேலெழுந்து, தான் முன்னிருந்த வானவெளியிற் கலக்கின்றது. நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அந்த வாயுவேயன்றோ?

இனி மணலின் ஆழம் ஏன் இத்துணைச் சிறப்புடைய வினாவாயிற்று என்பது விளங்கும். மணலின் மேற்பரப்பில் நீரோட்டம் உண்டு. ஆகலின் பிராணவாயுவும் உண்டு. கீழே செல்லச் செல்ல நீர் அசைவற்று நிற்கும். ஆங்குப் பிராணவாயு ஊறிப்பரவியே செல்லுதல் வேண்டும். ஊறிப்பரவுதலின் இயல்பு யாதெனின், தூரம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். வழியிலுள்ள உயிர்களும் அதனை உண்டுவிடுதலின், நுண்மணலில் மிகச் சிறிய ஆழத்திலேயே பிராணவாயு தீர்ந்துபோகின்றது; பருமணலில் நீரோட்டம் உட்புகுதலின் சற்று ஆழம்வரை அது செல்கின்றது. ஆதலின் ஆழ்ந்த மணற்படுக்கை மூன்று மாடங்களைக் கொண்ட மாளிகை போல்வது. மேல்மாடத்தில் அம்மோனியா நைட்ரேட்டாகின்றது. நடுமாடத்தில் நைட்ரேட்டு நைட்ரஜனாகின்றது. கீழ்மாடத்திலோ பிராணவாயுவும் இல்லை, நைட்ரேட்டும் இல்லை. ஆங்கு வாழும் உயிர்கள் கடல்நீரில் இயல்பாகவே மிகுந்துள்ள ஸல்பேட்டு உப்பைப் பற்றி வாழ்ந்து, ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டையின் நாற்றமுடையதும், மீன்களுக்குக் கொடிய நஞ்சாவதும் அவ்வாயுவே. மணலிலுள்ள இரும்புடன் அது கூடியவிடத்து மணல் கருநிறம் எய்தும். அது கீழ்மாடத்திலேயே அடங்கியிருக்குமளவும் தீங்கில்லை. மெல்ல மேலெழுவது நடுவழியிலேயே பிராணவாயுவோடு கூடி அழிந்துபோகும். திடீரெனக் கிளறப்பட்டாலோ நிலைமை வேறு.

மணலிடுவோர் கைக்கொள்ளும் முறைகள் நான்கு. முதலாவது, மணலே இடாது வெறுங்கண்ணாடியாக விடுதல். கழிவு கண்ணுக்குத் தெரியும். எளிதில் உறிஞ்சி அகற்றலாம். நீரோட்டத்தை எவ்வளவு வேண்டினும் மிகுக்கலாம். பவளங்களை மட்டும் வளர்ப்போர் சிலர் இதனை விரும்புகின்றனர். ஆயினும் மணலில் வாழும் உயிர்களுக்கு ஆங்கு இடமில்லை. காட்சியும் கடலை ஒத்ததாயிராது.

இரண்டாவது, ஓரங்குலம் முதல் இரண்டங்குலம் வரையில் மெல்லிய படுக்கை. இதில் பெரும்பகுதியும் பிராணவாயு உள்ள இடமேயாதலின் அம்மோனியா நீங்கும். நைட்ரேட்டு நீங்குதல் சிறிதே. அதனைப் பாறைத்துண்டுகளின் உட்புறத் துளைகளில் வாழும் நுண்ணுயிர்களும், காலந்தோறும் நாம் மாற்றும் நீரும், ஸ்கிம்மர் என்னும் நுரைப்பிரிப்புக் கருவியும் கவனித்துக்கொள்ள வேண்டும். இதன் பெருஞ்சிறப்பு யாதெனின், நீர் மாற்றும்போதெல்லாம் ஒரு குழாயினால் மணலைப் பகுதி பகுதியாகக் கழுவித் தூய்மை செய்யலாம் என்பது.

மூன்றாவது, நான்கங்குலம் முதல் ஆறங்குலம் வரையில் ஆழ்ந்த படுக்கை. மேற்கூறிய மாடங்கள் மூன்றும் இதிலே அமையும். ரொனால்டு ஷிமெக் என்னும் அமெரிக்க உயிர்நூலறிஞர் இம்முறையைப் பெரிதும் வற்புறுத்தியவருள் ஒருவர். மணல் மிக நுண்ணியதாயிருத்தல் வேண்டும் என்பதும், அதனுள்ளே புழுக்களும் சிறு நத்தைகளும் ஏனைய சிற்றுயிர்களும் நிறைந்து வாழ்தல் வேண்டும் என்பதும் அவர்தம் கொள்கை. உழவன் நிலத்தை மண்புழு உழுவதுபோல, இச்சிற்றுயிர்கள் மேற்பகுதியை ஓயாது உழுது, கழிவை உண்டு, மணல் இறுகாதவாறு காக்கின்றன. அவை அழிந்தால் படுக்கையும் அழிந்ததென்றே கொள்க.

நான்காவது, மொனாக்கோ நாட்டில் ழான் ழோபேர் என்னும் பேராசிரியர் வகுத்த முறை. இதில் மணலுக்கடியில் ஒரு சல்லடைத் தட்டின்மேல் படுக்கை தாங்கப்பட்டு, தட்டின்கீழ் அசைவற்ற நீர் நிற்கும் வெற்றிடம் ஒன்று விடப்படுகின்றது. மணலும் பருமணல். 1989-ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்ட பின்னர்ப் பலரும் இதனைக் கையாண்டனர். எனினும் அமைத்தற்கு உழைப்பு மிகுதியாதலின், புதிதாகத் தொடங்குவோர்க்கு இதனை யாம் பரிந்துரையோம்.

இரண்டங்குலத்திற்கும் நான்கங்குலத்திற்கும் இடைப்பட்ட ஆழம் எத்தகையது என்று வினவலாம். கழுவித் தூய்மை செய்தற்கு அஃது ஆழமாயிருக்கும்; நைட்ரேட்டை நம்பி ஒப்படைத்தற்கு ஆழம் போதாததாயிருக்கும். இருகரையும் எட்டாத ஓடம் போன்ற அந்நிலையைத் தக்க காரணமின்றி மேற்கொள்ளாதிருத்தல் நலம்.

ஆழத்தோடு பிணைந்தது மணலின் பருமன். சர்க்கரைப் பரல் அளவினதாகிய நுண்மணல் கழிவை உள்ளே விடாது மேலேயே நிறுத்தும். ஆயின் வலிய நீரோட்டத்தில் பறந்து பவளங்களின்மேற் படியும். மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள பருமணல் அசையாது கிடக்கும். ஆயின் இரையும் கழிவும் இடுக்குகளிற் புகுந்து அழுகும். ஒரு மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரையுள்ளது மெல்லிய படுக்கைக்குப் பொருந்தும். அதனினும் நுண்ணியது ஆழ்ந்த படுக்கைக்குப் பொருந்தும். பொருளை நோக்கின், சுண்ணாம்புச் சத்துடைய அரகொனைட்டு மணலே சிறந்தது. கடற்கரை மணலை அள்ளிவந்து இடலாகாது. கரைமணலில் எண்ணெயும் கழிவும் கலந்திருக்கலாம். மணவாளக்குறிச்சி போன்ற தென்கரைப் பகுதிகளில் இல்மனைட்டு, மோனஸைட்டு முதலிய கனிப்பொருள்கள் மணலோடு விரவியுள்ளன. அவை மீன்தொட்டிக்கு உரியனவல்ல. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ஆம் ஆண்டு முதல் தேசியக் கடற்பூங்காவாகக் காக்கப்படுகின்றன. ஆங்கிருந்து பவளத்தையோ மணலையோ எடுத்தல் சட்டத்தாலும் விலக்கப்பட்டது, அறத்தாலும் விலக்கத்தக்கது.

அடுத்து, எவ்வுயிரை வளர்க்கப் போகின்றோம் என்பதை எண்ணவேண்டும். ராஸ் என்னும் இனத்து மீன்களுள் பல, இருள் சூழ்ந்ததும் மணலுக்குள் தலைகுப்புறப் பாய்ந்து உறங்குவன. அவற்றிற்கு இரண்டங்குலமேனும் மென்மணல் வேண்டும். வெறுங்கண்ணாடியில் அவை முட்டி மோதிப் புண்படும். ஆங்கிலேயர் தாடைமீன் என்று பெயரிட்ட மீனினம், வாயினால் மணலை அள்ளியள்ளிக் கிணறுபோல் வளை தோண்டி அதில் நேர்நின்று வாழும். அதற்கு ஐந்தங்குல ஆழமும், வளைக்குச் சுவராகக் கட்டுதற்குச் சிறு சிப்பித்துண்டுகளும் வேண்டும். உழுவை இனத்து மீன்கள் சிலவும், சொடுக்கி ஒலியெழுப்பும் ஒருவகை இறாலும் ஒரே வளையில் கூடி வாழ்வது கண்கொள்ளாக் காட்சி. இறால் வளை தோண்டும். மீன் வாயிலிற் காவல் நிற்கும். மன்னார் வளைகுடாவில் வாழும் கம்பளக் கடற்சாமந்தி தன் தண்டினை மணலுள் ஆழப் புதைத்து, முகத்தை மட்டும் மேலே விரிக்கும். அதற்கும் ஆழ்ந்த மணலே உகந்தது. அதனோடு வாழும் கோமாளி மீனை மண்டபத்து ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பகத்திலேயே குஞ்சு பொரிக்கச் செய்துள்ளனர். இவ்வாறு வளர்ப்பகத்திற் பிறந்த மீன்களையே வாங்குதல் கடலுக்கு நாம் செய்யும் சிறு உதவியாகும். மற்றொன்று: மணலைச் சலித்துண்ணும் கடல் நட்சத்திரத்தை அழகு கருதி ஆழ்ந்த படுக்கையில் விடற்க. அது படுக்கையை உழும் சிற்றுயிர்களையெல்லாம் தின்று தீர்த்து, இறுதியில் தானும் பசியால் மடியும்.

எடையையும் கணக்கிடுதல் வேண்டும். மூன்றடி நீளமும், ஒன்றரையடி அகலமும், ஒன்றரையடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். அதில் ஓரங்குல மணல் என்பது பத்தரை லிட்டர் அளவாகும். லிட்டர் ஒன்றரைக் கிலோ என்று கொண்டால் எடை 16 கிலோ. நான்கங்குலமாயின் 42 லிட்டரும் 64 கிலோவும் ஆகும். தொட்டியின் உயரத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் மணலுக்கே போய்விடும். மீன் நீந்தும் இடம் குறையும். தாங்கும் மேசையும் அதற்கேற்ற வலிமையுடையதாதல் வேண்டும். மீன் விற்போர் இவற்றைச் சொல்வதில்லை, வாங்குவோர் கேட்பதுமில்லை.

இனி எம் இழப்பினைச் சொல்வோம். கலாசாலை ஆய்வுக்கூடத்தில் மேற்கூறிய அளவினதாகிய தொட்டி ஒன்றை யாம் அமைத்தபோது, ஆழ்ந்த படுக்கை நைட்ரேட்டை உண்ணும் என்று கற்றதனால் ஐந்தங்குலம் நுண்மணல் இட்டோம். கற்றது பொய்க்கவில்லை. ஈராண்டுகள் நீர் தெளிந்து நின்றது. ஆறு மீன்களும் நன்கு வாழ்ந்தன. நாள்தோறும் காலையில் அவற்றிற்கு இரையிடும் பொறுப்பை மாணாக்கர் ஒருவர் தாமே விரும்பி ஏற்றிருந்தார். அவர் நிழல் கண்ணாடியில் விழுந்தவுடனே மீன்கள் மேலே வந்து கூடும். பிழை வேறோரிடத்தில் இருந்தது. யாம் மணலை முதலில் இட்டு, அதன்மேற் பாறைகளை அடுக்கியிருந்தோம். நாளடைவில் உழுவை மீன் பாறையின் கீழ் வளை தோண்ட, பெரும்பாறை ஒன்று சாய்ந்து மணலுட் புதைந்தது. விடுமுறைக்கு முந்திய நாள் மாலை, அதனை நிமிர்த்திவிட்டுச் செல்வோம் என்று கையை விட்டுப் பெயர்த்தெடுத்தோம். பாறையின் கீழிருந்து கருஞ்சேறு புகைபோல் எழுந்தது. அழுகிய முட்டை நாற்றம் கூடம் முழுதும் பரந்தது. நீர் தெளிந்துவிடும் என்று எண்ணி விளக்கணைத்துச் சென்றோம். மறுநாட் காலையில் மீன்கள் நான்கு இறந்து கிடந்தன.

அவ்விரவில் நிகழ்ந்தது யாதென இப்போது அறிவோம். அடியில் அடங்கியிருந்த ஹைட்ரஜன் ஸல்பைடு நீரிற் கலந்தது. அதனோடெழுந்த கழிவுப்பொருள்கள் நீரிலிருந்த பிராணவாயுவையும் விரைந்து பற்றிக்கொண்டன. உடனே மீன்களை வேறு நீருக்கு மாற்றியிருப்பின், அல்லது பெரும்பகுதி நீரை மாற்றிக் காற்றோட்டத்தை மிகுத்திருப்பின், அவை பிழைத்திருக்கக்கூடும். இரையிடும் மாணாக்கர் வந்து நின்று, எஞ்சிய இரண்டிற்கு இரையிட்டுவிட்டு, ஒன்றும் பேசாது சென்றார். அவர் எம்மைக் கடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆழ்ந்த படுக்கை எம்மை ஏமாற்றவில்லை. அதனைத் தொடலாகாது என்னும் விதியை யாமே மீறினோம்.

இவ்வனுபவத்திற்குப் பின் யாம் மேற்கொண்ட ஏற்பாடு பிறர்க்கும் பயன்படும். பாறைகளை முதலிற் கண்ணாடித் தளத்தின்மேலேயே உறுதியாக அமைத்து, அவற்றைச் சூழ ஒன்றரை அங்குலமே மணலிட்டோம். எவ்வுயிர் எவ்வளவு தோண்டினும் பாறை சாயாது. ஆழ்ந்த படுக்கையின் பயனை இழவாதிருத்தற்பொருட்டு, மேசையின் கீழே தனிப்பெட்டி ஒன்றில் ஆறங்குலம் நுண்மணல் இட்டு, தொட்டியின் நீர் அம்மணலின் மேலாக மெல்லச் சென்று மீளும்படி செய்தோம். அதற்குமுன் நீரிலுள்ள கழிவு ஒரு துணிப்பையில் வடிகட்டப்படுகின்றது. அப்பெட்டியில் மீன் இல்லை, பாறை இல்லை. அதனைக் கிளறுவாரும் இல்லை. அது கெடுமாயின் நீர் செல்லும் குழாயை அடைத்துப் பெட்டியை மட்டும் அகற்றிவிடலாம். தொட்டிக்கு ஊறு நேராது.

புதிதாகத் தொடங்குவோர் மனத்திற்கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்துரைப்போம். முதன்முதல் தொட்டி வைப்போர்க்கு ஓரங்குலம் முதல் இரண்டங்குலம் வரை போதும். மணலைப் பலமுறை நன்னீரில் அலசி இடுக, நீரை வார்க்கும்போது ஒரு தட்டின்மேல் வார்க்க, மணல் குழியாது. நீர் கலங்கித் தெளிந்த உடனே மீன் விடற்க. நுண்ணுயிர்கள் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றமையைச் சோதித்தறிந்த பின்னரே ஒவ்வொன்றாக மீன்களை விடுக. மெல்லிய படுக்கையை நீர் மாற்றுந்தோறும் சிறிது சிறிதாகக் கழுவுக. ஒரே நாளில் முழுதும் கழுவின் நுண்ணுயிர்களும் உடன் நீங்கும். பல மாதங்கள் கழுவாது விட்ட படுக்கையைத் திடீரெனக் கிளறுதலும் தீதே. ஆழ்ந்த படுக்கையை மேற்கொண்டவர் அதன் மேற்பரப்பைச் சிற்றுயிர்களிடம் ஒப்புவித்து, தம் கையை வெளியே வைத்துக்கொள்க. தொட்டியை வேறிடத்திற்கு மாற்ற நேரின், மீன்களையும் பாறைகளையும் முன்னதாக வேறு கலத்தில் வைத்து, பழைய மணலை நீக்கிவிட்டுப் புதுமணலோடு தொடங்குக. ஆண்டுகள் பல கழிந்தபின் மணல் தன்னிடம் பாஸ்பேட்டு முதலியவற்றைச் சேர்த்து வைத்துப் பின் சிறிது சிறிதாக வெளிவிடுதலும் உண்டு. ஆகலின் எப்படுக்கையும் என்றும் நிலைப்பதன்று.

எனவே மணல் எத்துணை ஆழம் வேண்டும் என்று வினவுவோர்க்கு, ஓர் எண்ணை மட்டும் விடையாகக் கூறுதல் ஒண்ணாது. எவ்வுயிரை வளர்க்கின்றீர், எவ்வளவு காலம் பொறுமையுடன் காப்பீர், உம் கை மணலிற் படுமா படாதா என்பவற்றை அவர் முதலில் தம்மைத்தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். இப்போது எம் தொட்டியில் ஐந்து மீன்கள் உள. அவற்றுள் இரண்டு அன்று பிழைத்தவை. இரையிட்ட மாணாக்கர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார்; சென்ற திங்களில் எம்மைக் காண வந்தபோது முதலில் தொட்டியண்டையிலேயே சென்று நின்றார். மீன்கள் மேலே வந்தன. பின்னர் அவர் குனிந்து, மேசையின் கீழுள்ள மணற்பெட்டியையும் நெடுநேரம் நோக்கினார்.